பயிற்சியாளருக்குக் கோடிகள், வீரர்களுக்கு?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் 2024ஆம் ஆண்டுப் பருவம் 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நிறைவடைந்தது. இறுதி ஆட்டத்தில் நோட்டர் டேம் அணியை 34-23 என்ற கணக்கில் வென்று ஒஹையோ ஸ்டேட் கோப்பையைக் கைப்பற்றியது. ஆயினும், இந்தப் பருவத்தின் முதன்மையான செய்தி கோப்பையை வென்ற அணியைப் பற்றியதன்று. நாலாம் மாதமே மறந்துவிடக்கூடிய அணி என்று பருவத் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட இண்டியானா பல்கலைக்கழக அணி, புதிய தலைமைப் பயிற்சியாளர் ஒருவரின்கீழ் பதினோரு வெற்றிகளைக் குவித்தது என்பதே அந்தச் செய்தி.

விளையாட்டுச் செய்தியாக மட்டும் இதைப் படித்துவிட்டுக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. தொழிலாளர் பொருளாதாரத்தைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், உழைப்புச் சந்தை ஒன்றின் விதிகள் மாறினால் என்ன நிகழும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எளிதில் கிடைப்பதில்லை என்று கருதுகிறேன்.

முதலில், இந்த விளையாட்டின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் கல்லூரி அணிகளின் ஆட்டத்தைக் காண மாணவர்களும் சில ஆசிரியர்களும் கூடுவார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் அமரலாம். இண்டியானா இடம்பெற்றுள்ள 'பிக் டென்' கூட்டமைப்பு, 2022இல் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களுடன் ஏழு ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் அதிகம். பெயரில் பத்து இருந்தாலும், அந்தக் கூட்டமைப்பில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள் உள்ளன. கலிஃபோர்னியாவிலிருந்து நியூ ஜெர்சி வரை கண்டம் முழுவதும் பரவிய வணிகம் இது. ஆனால், களத்தில் இறங்கும் இளைஞர்கள் அண்மைக்காலம் வரை இந்த வணிகத்தின் பங்காளிகளாகக் கருதப்படவில்லை. அவர்கள் 'மாணவ விளையாட்டாளர்கள்'. படிப்புச் செலவுக்கான உதவித்தொகையே அவர்களுக்கு உரிய முழு ஊதியம் என்பது எழுதப்பட்ட விதியாக இருந்தது.

இண்டியானா பல்கலைக்கழகம் புளூமிங்டன் நகரில் உள்ளது. அந்த மாநிலத்தின் உயிர்மூச்சு கூடைப்பந்து. அதில் அப்பல்கலைக்கழகம் ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. கால்பந்திலோ, எழுநூறுக்கும் மேற்பட்ட தோல்விகளுடன், முதல்தரப் பிரிவில் மிக அதிகமாகத் தோற்ற அணி என்ற பெயரைச் சுமந்து வந்தது. 2021 முதல் 2023 வரையிலான மூன்று பருவங்களில் அது ஆடிய 36 ஆட்டங்களில் வென்றவை ஒன்பது மட்டுமே. 2023 நவம்பர் 26 அன்று பயிற்சியாளர் டாம் ஆலன் பதவிநீக்கம் செய்யப்பட்டார். ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலக்கியதற்காக அவருக்கு 1.55 கோடி டாலர் வழங்க ஏற்பாடாயிற்று. தோல்விக்கும் இவ்வளவு பெரிய தொகை கிடைக்கும் வேலை உலகில் அரிது.

அடுத்த சில நாள்களில் கர்ட் சிக்னெட்டி நியமிக்கப்பட்டார். அவர் பாதை வழக்கமானதன்று. அலபாமா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபனிடம் உதவியாளராக இருந்தவர், ஐம்பது வயதை எட்டும் நிலையில், குறைந்த சம்பளத்தை ஏற்று, இரண்டாம் பிரிவில் ஆடும் பென்சில்வேனியாவின் ஒரு பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றார். அங்கிருந்து ஈலான், பின்னர் ஜேம்ஸ் மேடிசன் என ஒவ்வொரு படியாக ஏறினார். ஜேம்ஸ் மேடிசனில் ஐந்து பருவங்களில் அவர் பெற்றவை 52 வெற்றிகள், தோல்விகள் ஒன்பது. அறுபதைக் கடந்த பிறகே ஒரு பெரிய கூட்டமைப்பின் அணி அவரைத் தேடி வந்தது.

அவர் பொறுப்பேற்றபோது எதிர்பார்ப்பு ஏதும் இல்லை. பருவத்துக்கு முன் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் நடத்தப்பட்ட கணிப்பில் பிக் டென் கூட்டமைப்பின் 18 அணிகளில் இண்டியானாவுக்குக் கிடைத்தது 17ஆம் இடம். நடந்ததோ வேறு. முதல் பத்து ஆட்டங்களையும் அந்த அணி வென்றது. நெப்ராஸ்காவை 56-7 என்றும், முந்தைய ஆண்டின் தேசியச் சாம்பியனான மிச்சிகனை 20-15 என்றும் வீழ்த்தியது. ஒரே பருவத்தில் பத்து வெற்றிகள் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் முதல்முறை. ஒஹையோ ஸ்டேட்டிடம் 38-15 என்று தோற்றபின், பரம எதிரியான பர்டியூவை 66-0 என்று நசுக்கியது. 12 அணிகளாக விரிவாக்கப்பட்ட தேசியப் பட்டச் சுற்றில் இடம்பெற்று, டிசம்பர் 20 அன்று நோட்டர் டேமிடம் 27-17 என்று தோற்று வெளியேறியது.

எளிய எதிரணிகளை வென்றே இண்டியானா பெயரெடுத்தது என்று பலர் குறைகூறினர். அந்த விமர்சனத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், பருவம் முழுவதும் அந்த அணியைத் தோற்கடித்தவை இரண்டே அணிகள். அவ்விரண்டும்தான் இறுதி ஆட்டத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இந்த மாற்றம் எவ்வாறு சாத்தியமாயிற்று? பயிற்சியாளரின் திறமை என்பது ஒரு விடை. ஆனால், இதே சிக்னெட்டி பத்தாண்டுகளுக்கு முன் புளூமிங்டனுக்கு வந்திருந்தால் ஓராண்டில் இது நடந்திருக்காது. அன்றிருந்த விதிப்படி, ஒரு வீரர் வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு களத்துக்கு வெளியே உட்கார வேண்டும். பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு ஆண்டுகள் வளர்த்தால்தான் அணி உருவாகும். அத்தகைய மாணவர்கள் புகழ்பெற்ற அணிகளையே நாடுவார்கள். எனவே, தோற்ற அணி தோற்றுக்கொண்டே இருக்கும். வென்ற அணி வென்றுகொண்டே இருக்கும்.

இந்தச் சுழற்சியை உடைத்தவை நீதிமன்றங்கள். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில், கல்வி சார்ந்த சலுகைகளுக்குத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வரம்பு விதிப்பது முற்றுரிமைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்திப் பணம் பெற வழி திறந்தது. அதே ஆண்டில் ஒருமுறை தடையின்றிக் கல்லூரி மாறும் உரிமையும் வந்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று மீதமிருந்த தடையையும் நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதியுடன் இருக்கும் வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று சங்கமே விதியைத் திருத்தியது.

சிக்னெட்டி இந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தினார். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்கள் அவருடன் வந்தனர். தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு ஒஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து கர்டிஸ் ரூர்க் வந்தார். பயிற்சியாளர் மாற்றத்தின்போது வெளியேற முடிவுசெய்திருந்த பழைய வீரர்கள் சிலரும் மனம்மாறித் தங்கினர். பெரிய அணிகள் பள்ளிப் பருவத்தில் பொருட்படுத்தாத, ஆனால் சிறிய கல்லூரிகளில் ஆடித் தம்மை நிரூபித்துவிட்ட இளைஞர்கள் இவர்கள். வாக்குறுதியைவிடச் செயலுக்கு விலை கொடுப்பது என்ற அந்த உத்தி, எந்தத் தொழிலின் ஆள்தேர்வு அதிகாரிக்கும் விளங்கக்கூடியது.

1956இல் சைமன் ராட்டன்பர்க் என்ற பொருளியலாளர் பேஸ்பால் வீரர்களின் உழைப்புச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விளையாட்டுப் பொருளாதாரம் என்ற துறையே அதிலிருந்து தொடங்கியது எனலாம். வீரர்களை ஓர் அணியோடு கட்டிப்போடாவிட்டால் பணக்கார அணிகளே எல்லாத் திறமைகளையும் அள்ளிக்கொள்ளும் என்பது அன்றைய உரிமையாளர்களின் வாதம். ராட்டன்பர்க் அதை மறுத்தார். கட்டிப்போட்டாலும் போடாவிட்டாலும் திறமை எங்கே அதிகம் பயன்படுமோ அங்கேயே போய்ச் சேரும். மாறுவது, அதன் ஆதாயம் யாருக்குப் போகிறது என்பது மட்டுமே என்றார். மேலும், ஒரே அணியில் நட்சத்திரங்கள் குவியக் குவிய, அடுத்த நட்சத்திரத்தால் அந்த அணிக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போகும். பெரிய அணியில் காத்திருப்போர் வரிசையில் அமர்வதைவிட, சிறிய அணியில் களமிறங்குவதே வீரருக்கும் மேல்.

இண்டியானாவின் பருவம் இந்தக் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் முற்றாக மெய்ப்பித்துவிடவில்லை. ஓர் அணியின் ஒரு பருவம் ஒரு கோட்பாட்டுக்குப் போதிய சான்றாகாது. தவிர, இறுதியில் கோப்பை சென்றது எங்கே? தன் வீரர்களுக்காக ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் திரட்டப்பட்டதாக அதன் விளையாட்டு இயக்குநரே கூறிய ஒஹையோ ஸ்டேட்டுக்கு. சந்தை திறந்ததால் கடைசியில் இருந்தவர் மேலே வர முடிந்தது. உச்சியில் இருந்த செல்வந்தர் அங்கேயே இருந்தார். இரண்டும் ஒரே பருவத்தின் உண்மைகள்.

ஆதாயம் யாருக்கு என்ற ராட்டன்பர்க்கின் கேள்விக்கே இப்போது வருகிறேன். சிக்னெட்டி முதலில் ஏற்ற ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கானது. பத்தாவது வெற்றி கிடைத்த ஒரு வாரத்தில், நவம்பர் 16 அன்று, எட்டு ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் மதிப்பிலான புதிய ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் டாலர்! அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் பெறும் அரசு ஊழியர் ஆளுநரோ தலைமை நீதிபதியோ அல்லர். பொதுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளரோ கூடைப்பந்துப் பயிற்சியாளரோதான்.

இதை அந்த மனிதரின் பேராசை என்று சொல்லிவிட முடியாது. உழைப்பை வாங்குவோர் அனைவரும் ஒன்றுகூடி, களத்தில் ஆடுபவரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு கட்டிவிட்டால், வருவாயில் எஞ்சும் தொகை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? வரம்பு இல்லாத இடம் பயிற்சியாளரின் சம்பளம். அடுத்தது, பளிங்குத் தரையிட்ட பயிற்சிக்கூடங்கள். வீரர்களுக்குக் கொடுக்கக்கூடாத பணமே அவர்களை ஈர்க்கக்கூடிய பயிற்சியாளர் மீதும் கட்டடங்கள் மீதும் கொட்டப்பட்டது. தோற்ற ஆலனுக்கு இழப்பீடு, வென்ற சிக்னெட்டிக்கு உயர்வு என இரு முனைகளிலும் பயிற்சியாளரின் ஒப்பந்தம் அவரைக் காக்கிறது. வீரருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. முழங்கால் முறிந்தால் அவருடைய சந்தை மதிப்பும் அன்றே முறிந்துவிடும்.

வீரர்களின் இடமாற்ற உரிமையைப் பற்றி இன்று புலம்புவோர் பலர். விசுவாசம் போயிற்று, கல்லூரி உணர்வு போயிற்று என்கிறார்கள். பயிற்சியாளர்கள் பருவ முடிவில் ஒரு கல்லூரியைவிட்டு மற்றொன்றுக்குத் தாவியபோது இந்தப் புலம்பல் இவ்வளவு உரக்க எழவில்லை. முதலாளிக்கு உள்ள உரிமை தொழிலாளிக்கும் வந்தவுடன் ஒழுக்கம் பற்றிய கவலை தோன்றுவது, பொருளாதார வரலாற்றில் புதியதன்று. ஐரோப்பியக் கால்பந்தில் 1995இல் போஸ்மன் தீர்ப்பு வந்தபோதும், விளையாட்டு அழிந்துவிடும் என்றார்கள். அழியவில்லை.

அதற்காக, இப்போதைய நிலை செம்மையானது என்று நான் வாதிட வரவில்லை. மூன்று குறைகள் கண்கூடானவை.

முதலாவது, கீழ்ப்படியில் உள்ள கல்லூரிகளின் நிலை. இண்டியானாவுக்கு 13 வீரர்களையும் பயிற்சியாளரையும் இழந்த ஜேம்ஸ் மேடிசன், ஹோலி கிராஸ் கல்லூரியிலிருந்து பாப் செஸ்னி என்ற பயிற்சியாளரை அழைத்துவந்து, அதே பருவத்தில் ஒன்பது ஆட்டங்களை வென்றது. அது மீண்டுவிட்டது உண்மையே. ஆனால், ஒவ்வொருவரும் தமக்குக் கீழே உள்ளவரிடமிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும் சங்கிலிக்கு ஒரு கடைசிக் கண்ணி உண்டு. வீரரை அடையாளங்கண்டு வளர்த்த செலவுக்கு அந்தக் கடைசிக் கல்லூரிக்கு எந்த ஈடும் கிடைப்பதில்லை. உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதிகளில், மாற்றுத் தொகையின் ஐந்து விழுக்காடு அந்த வீரரை இளமையில் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பங்கிடப்படுகிறது. அதுபோன்ற ஏற்பாடு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இல்லை.

இரண்டாவது, படிப்பு. நான்கு ஆண்டுகளில் மூன்று கல்லூரிகள் மாறும் மாணவர் பட்டத்தை எப்போது முடிப்பார்? ஒரு கல்லூரியில் பெற்ற மதிப்பெண் அலகுகளை மற்றொன்று முழுமையாக ஏற்கும் என்ற உறுதி இல்லை. கல்லூரிக் கால்பந்து ஆடுவோரில் மிகச் சிறு பகுதியினரே தொழில்முறை அணிகளுக்குச் செல்கின்றனர். மற்றவர்களுக்கு அந்தப் பட்டமே எஞ்சும் சொத்து. கைநிறையப் பணம் தரும் இருபது வயது, கையில் பட்டம் இல்லாத முப்பது வயதாகிவிடக் கூடாது.

மூன்றாவது, விதியை வகுப்பவர் யார் என்பது. 2025 ஜூனில் நீதிமன்றத்தின் இறுதி ஒப்புதலைப் பெற்ற 'ஹவுஸ்' வழக்கின் சமரச உடன்பாட்டின்படி, முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு வழங்கப்படும். கல்லூரிகள் முதன்முறையாகத் தங்கள் வருவாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், அந்த வரம்பை வீரர்களுடன் பேரம் பேசி நிர்ணயித்தார்களா? இல்லை. வழக்கறிஞர்களும் சங்கமும் அமர்ந்து முடிவுசெய்தனர். இழப்பீட்டில் பெரும்பங்கு கால்பந்து, ஆண்கள் கூடைப்பந்து வீரர்களுக்கே போகும். மகளிர் விளையாட்டுகளுக்குக் கிடைப்பது சொற்பம். கால்பந்து அணியின் எண்ணிக்கை 105 ஆக வரையறுக்கப்படுவதால், உதவித்தொகை இன்றி ஆர்வத்தால் ஆடிவந்த மாணவர்கள் பலர் இடமிழப்பார்கள். அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

புளூமிங்டன் என்ற பெயரைக் கேட்டால் பொருளாதார ஆசிரியர்களுக்கு நினைவுக்கு வருவது கால்பந்து அன்று, எலினார் ஆஸ்ட்ரம். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற முதல் பெண்மணி, தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தது இதே பல்கலைக்கழகத்தில்தான். காடு, மீன்வளம், பாசன நீர் போன்ற பொதுவளங்களை மக்கள் தாமே விதிவகுத்து நெடுங்காலம் காத்துவந்திருப்பதை அவர் பல நாடுகளின் சான்றுகளோடு எடுத்துக்காட்டினார். ஏரிப்பாசனத்தில் முறைவைத்து நீர்பாய்ச்சிய மரபுடைய நமக்கு அது எளிதில் விளங்கும். அவ்வாறு நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுப் பண்புகளுள் ஒன்று முதன்மையானது: விதிகளால் பாதிக்கப்படுவோருக்கு அந்த விதிகளை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும்.

கல்லூரி விளையாட்டும் ஒருவகைப் பொதுவளமே. ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வலுவான எதிரணி வேண்டும். எந்த அணியும் தனியாக அதை உற்பத்தி செய்ய முடியாது. அந்தச் சமநிலையைக் காக்கக் கட்டுப்பாடுகள் தேவை என்ற சங்கத்தின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஆஸ்ட்ரம் வகுத்த அந்த நிபந்தனையை மட்டும் அது ஒருநாளும் நிறைவேற்றவில்லை. விதிகளை எல்லாம் வாங்குவோரே வகுத்தனர். அதனால்தான் ஒவ்வொரு விதியும் நீதிமன்றத்தில் சரிந்தது. சரிந்த இடத்தில் வேறொன்றைக் கட்டவும் முடியவில்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் ஊதிய வரம்பு உண்டு. இடமாற்றக் கட்டுப்பாடும் உண்டு. அவை நீதிமன்றத்தில் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், வீரர்களின் சங்கத்தோடு பேரம் பேசி எட்டப்பட்டவை என்பதே.

கல்லூரிகள் இந்த வழியை ஏற்கத் தயங்குகின்றன. வீரர்களை ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் அடுத்து என்னென்ன வருமோ என்ற அச்சம். 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 13-2 என்ற வாக்குகளில் தொழிற்சங்கம் அமைக்க முடிவுசெய்தனர். கல்லூரி பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. ஆண்டின் கடைசி நாளில் அந்த மனு திரும்பப் பெறப்பட்டது. இண்டியானாவிலும் இந்த மனப்பான்மை புதிதன்று. 2022இல் அங்கே வகுப்பெடுக்கும் ஆய்வு மாணவர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர், அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஆஸ்ட்ரம் பாடம் சொன்ன அதே வளாகத்தில், வகுப்பறையில் உழைப்பவருக்கும் குரல் இல்லை, களத்தில் உழைப்பவருக்கும் குரல் இல்லை என்பது வேதனைக்குரியது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வீரர்களின் பிரதிநிதிகளோடு அமர்ந்து பேசி, இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தங்களை ஏற்படுத்தலாம். அதன்மூலம் ஆண்டுதோறும் அணி கலைவது குறையும். காயமுற்றவருக்கு மருத்துவமும், ஆட்டத்தைவிட்டு விலகியவருக்குப் பட்டம் முடிக்கும்வரை உதவித்தொகையும் உறுதிசெய்யலாம். வீரரை வளர்த்த சிறிய கல்லூரிக்குப் பெரிய கல்லூரி பயிற்சிச் செலவை ஈடுசெய்யலாம். இவற்றுள் எதுவும் மேலிருந்து திணிக்கப்பட்டால் மீண்டும் வழக்காகும். உடன்பாடாக வந்தால் நிலைக்கும்.

சிக்னெட்டியின் சாதனை பாராட்டுக்குரியது. நெடுங்காலம் தோற்ற ஓர் அணியையும் ஓராண்டில் நிமிர்த்த முடியும் என்று அவர் காட்டியிருக்கிறார். ஆனால், வீரர்கள் தங்கள் விருப்பப்படி நடந்துவரக் கதவு திறந்திருந்ததால்தான் அவரால் அது முடிந்தது. அந்தக் கதவை மீண்டும் சாத்தச் சொல்பவர்கள், இண்டியானாவைப் போன்ற அணிகளை மீண்டும் கடைசி இடத்துக்கே அனுப்பச் சொல்கிறார்கள். கதவு திறந்தே இருக்கட்டும். உள்ளே நடக்கும் பேச்சுவார்த்தையில் வீரர்களுக்கும் ஒரு நாற்காலி போடப்பட வேண்டும்.